உள்மணி எடுத்த கிலுகிலுப்பை

அந்தக் கட்டடத்தில் மொத்தம் ஒன்பது குடித்தனங்கள். ஒன்பதிலும் சேர்த்து ஐந்து வயதுக்குக் கீழே ஆறு குழந்தைகள். அவர்களில் ஐந்து பேரின் பெயரை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது யாராவது தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆறாவது குழந்தையை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. இரண்டாவது மாடியில் கடைசி வீடு, கிரேன்காரர் மகள். கட்டடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த செல்லப் பெயர் பொம்மை.

“பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும். இருக்கற இடமே தெரியாது. எங்க வீட்டுல ரெண்டு இருக்கே, வீட்டைத் தலைகீழா மாட்டி வச்சிருக்குங்க” என்று கீழ்வீட்டு அக்கா வாய் ஓயாமல் சொல்வாள். கேட்கும்போதெல்லாம் கிரேன்காரருக்கு மார்பு இரண்டு விரற்கடை அகலமாகும்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. சரக்குப் பெட்டிகள் இறக்கும் யார்டில் பதினேழு வருடமாக கிரேன் ஓட்டுகிறார். அதில் கடைசி எட்டு வருடமும் இரவு ஷிப்ட். பத்து மணிக்கு நாற்பத்திரண்டு படி ஏறிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்குத்தான் கால் தரையில் படும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு ஏழரைக்குப் படுப்பார். மூன்று மணி வரை தூக்கம். அந்த ஏழரை மணி நேரத்தைச் சுற்றித்தான் அந்த வீடு இயங்கியது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் கீழே ஒரு தச்சுப்பட்டறை இருந்தது. மூன்று பகல் தொடர்ந்து அவரால் கண்ணை மூட முடியவில்லை. நான்காம் நாள் விடியும் நேரம், கேபினில் இரண்டே விநாடி இமை ஒட்டிக்கொண்டது. தொங்கிய பெட்டி ஆடியது. கீழே நின்று பெட்டிக்குக் கொக்கி மாட்டும் கொக்கிக்காரரின் வலது பாதத்தில் மூன்று விரல்கள் போயின. அந்த மனிதர் தங்கமானவர். “போனது மூணுதானேடா, மிச்சம் ஏழு இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சிரித்தார். பிறகு அவரை கேட் காவலுக்கு மாற்றினார்கள். ஆனால் செய்தி கேட்ட கிரேன்காரரின் மனைவி சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். இனி இந்த வீட்டில் இவர் தூக்கத்தை ஒரு ஈ கூடக் கலைக்கக் கூடாது.

அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினாள். நாற்காலிக் கால்களுக்குப் பழந்துணி கட்டினாள். சமையலை எல்லாம் ஏழு மணிக்குள் முடித்தாள். பிறகு சட்டைகளுக்குப் பட்டன் தைக்க உட்கார்வாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், சத்தமில்லாத வேலை. இரண்டு வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது. குழந்தை அழ வாயைத் திறந்தால் தாயின் உள்ளங்கை அதற்கு முன்னால் அங்கே இருக்கும். எட்டு மாதத்தில் அது அழுவதை விட்டது. நடக்கப் பழகியபோதே நுனிக்காலில் நடந்தது.

பேச்சுக்குப் பதிலாகக் கைதான். கிரேன்காரருக்கும் தரையில் நிற்பவருக்கும் நடுவே யார்டில் கத்தினால் கேட்காது. எல்லாம் கைச்சைகை. முஷ்டியை மூடிக் காட்டினால் நில். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. இதைத் தமாஷாக மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தாள். யார்டுச் சைகை ஒன்பது, பசி, தண்ணீர் என்று வீட்டில் சேர்த்தது ஐந்து. ஆகப் பதினாலு. அவர் புரண்டு படுக்கும்போது அரைக்கண்ணால் பார்ப்பார். தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு குடும்பம் என்று நினைத்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போவார்.

பள்ளியில் சேர்ப்பதற்கு முன் எல்லாக் குழந்தைகளையும் சுகாதார நிலையத்தில் பரிசோதிப்பார்கள். அப்போது மகளுக்கு மூன்று வயது பத்து மாதம். காதைச் சோதித்தார்கள், பழுதில்லை. நாக்கு, தொண்டை, எல்லாம் சரி. பேசும் சொற்களைக் குறித்தார்கள். பதினொன்று. பதினொன்றும் கிசுகிசுப்பாக. டாக்டர் ஒரு சீட்டு எழுதி, நடையின் கடைசி அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் பாய் விரித்து, மரக்கட்டைகளும் துணிகளும் சிதறிக் கிடந்தன. நடுவில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைகளோடு விளையாடுவதுதான் அவருக்கு உத்தியோகம். எல்லாரும் அவரை விளையாட்டு டீச்சர் என்றார்கள்.

“இவளுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?”

“விளையாட்டா? அதெல்லாம் கிடையாதுங்க டீச்சர். ரொம்ப நல்ல பொண்ணு” என்றாள் மனைவி.

டீச்சரின் பேனா நின்றது. “நல்ல பொண்ணுன்னா?”

“ஒரு இடத்துல உக்கார வச்சா மூணு மணி நேரம் ஆனாலும் அங்கயே இருப்பா.”

“என்ன பண்ணிக்கிட்டு?”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்த்தார். “சும்மா… இருப்பா” என்றாள்.

டீச்சர் ஒரு மரக்கட்டையை எடுத்தார். “டுர்ர்ர்” என்று வாயால் சத்தமிட்டுப் பாயில் ஓட்டிவந்து, குழந்தையின் முழங்கால் மேல் ஏற்றி நிறுத்தினார். “பஸ் வந்தாச்சு! யார் இறங்கணும்?” குழந்தை கட்டையைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு டீச்சர் முகத்துக்கு நேராக முஷ்டியை மூடிக் காட்டியது.

“இது என்ன?”

கிரேன்காரர் உற்சாகமாகிவிட்டார். சைகைக் கதையைச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். குழந்தை பதினாலையும் பிசகாமல் காட்டியது. டீச்சர் கடைசி வரைக்கும் பார்த்தார்.

“பிரமாதம். நாளைக்கே இவளை கிரேன்ல ஏத்திடலாம்.”

கிரேன்காரர் சிரித்தார். பாதியில்தான் டீச்சர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டார்.

“பரிசோதனைக்கு வரும்போது வீட்டு விளையாட்டுச் சாமான் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தாங்களே?”

மனைவி பையிலிருந்து ஒரு துணிப் பொம்மையும் கிலுகிலுப்பையும் எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் கிலுகிலுப்பையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். காதருகே கொண்டுபோய் ஆட்டினார்.

“உள்ள இருந்த மணியை எடுத்துட்டேங்க” என்றாள் மனைவி, ஒரு நல்ல யோசனையைப் பகிர்ந்துகொள்கிறவளைப் போல. “கத்தியைச் சூடு பண்ணி ஓரத்தைப் பிரிச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி ஒட்டினேன். இருபத்து மூணு மணி இருந்துச்சு. ஆட்டறதுக்கு ஆட்டலாங்க. சத்தம் மட்டும்தான் வராது.”

டீச்சர் அதைப் பாயில் வைத்தார். பிறகு மரக்கட்டையை மறுபடி எடுத்தார்.

“பாருங்கப்பா. இது கட்டை. ஆனா பஸ்ஸுன்னு சொன்னா எந்தப் பிள்ளையும் ஏறி உக்காந்துக்கும். இல்லாத ஒண்ணை இருக்கறதா நினைச்சுக்கும். பேச்சும் அதேதான். தண்ணின்னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்குள்ள தண்ணியா இருக்கு? கட்டையை பஸ்ஸாக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் சொல்லு பிடிபடும். வலிச்சா வலிக்குதுன்னு, பயந்தா பயமா இருக்குன்னு சொல்ல வரும். இவ தப்புப் பண்ணிப் பாக்கல, கீழே போட்டுப் பாக்கல, கத்திப் பாக்கல. இவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அடங்கி இருக்கறது.”

“மாத்திரை ஏதாவது…” என்று இழுத்தார் கிரேன்காரர்.

“இருந்தா குடுக்க மாட்டேனா? சத்தம் போட்டு விளையாடணும். நீங்க ரெண்டு பேரும் கூட விளையாடணும். அஞ்சு வயசுக்குள்ள. அதுக்கப்புறம் முடியாதுன்னு இல்ல. ஆனா பாதை குறுகிக்கிட்டே போகும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும் இடம் வந்தது தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டார்கள். நடந்து திரும்பினார்கள். நடுவில் மகள், நுனிக்காலில்.

மறுநாள் முதல் கிரேன்காரர் பகலில் வீட்டில் தூங்கவில்லை. யார்டு கேட்டில் கொக்கிக்காரரின் காவல் அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் படுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி. ஹாரன் அடித்தால் பெஞ்சே எழுந்து உட்காரும்.

“வீட்டுல துரத்தி விட்டுட்டாங்களாடா?” என்றார் கொக்கிக்காரர்.

“இல்லண்ணே. வீட்டுல சத்தம் போடணும்.”

“எனக்குத் தெரிஞ்சு இதுக்காக வீட்டை விட்டு வந்த முதல் ஆம்பள நீதான்.”

ஆனால் வீட்டில் சத்தம் வரவில்லை. அங்கேதான் விபரீதமே. தூங்குகிறவர் போய்விட்டார், குழந்தைக்கு அது உறைக்கவில்லை. மனைவி நாற்காலித் துணிகளை அவிழ்த்தாள். பாத்திரத்தைத் தட்டிக் காட்டினாள். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. ஒரு சின்ன மேளம் வாங்கி வந்தார்கள். குழந்தை அதைத் தொட்டுப் பார்த்தது. துண்டு கொண்டுவந்து பதமாகச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டது. பந்து வாங்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருளைப் போல.

படிக்கட்டில் மற்ற ஐந்து குழந்தைகளும் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஒரு நாள் மனைவி மகளை அவர்களோடு விட்டாள். அவர்கள் இவளை ஓரிடத்தில் நிறுத்தி, “நீதான் மரம். மரத்தைத் தொட்டவங்களைப் பிடிக்கக் கூடாது” என்றார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மரத்திடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்து அம்மாவும் கூப்பிடவில்லை. கிரேன்காரர் வீடு திரும்பியபோது மகள் முதல் மாடித் திருப்பத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. அப்பாவைக் கண்டதும் விரலைச் சுழற்றிக் காட்டினாள். தூக்கு.

அவர் தூக்கினார். இரண்டாவது மாடி வரை ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறினார். வேறு எதை நினைத்தாலும் உடைந்துவிடுவார் போலிருந்தது.

அன்று மனைவி பொறுமையின் விளிம்பைத் தாண்டினாள். குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். “விளையாடுடி! விளையாடித் தொலையேன்டி! எதையாவது எடுத்துப் போட்டு உடையேன்டி!” குழந்தை அம்மாவின் முகத்துக்கு முன்னால் முஷ்டியை மூடிக் காட்டியது. நில்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தக் கைதாங்க. இதாலதான் வாயை மூடினேன். நீங்க தூங்கணும்னு மூடினேன்.”

“எனக்காகத்தானே மூடினே?”

“அதைச் சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது?”

இப்படி மூன்று மாதம் போயிற்று. வாரம் ஒருமுறை டீச்சர் அறை. ஒவ்வொரு முறையும் டீச்சர் நோட்டைத் திறந்து புதிய சொல் என்ற கட்டத்தில் சுழியம் போடுவார். பன்னிரண்டாவது சுழியம் போட்ட அன்று பேனாவை மூடிவிட்டு, “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார். தைரியம் சொல்லியிருந்தால் கிரேன்காரர் நம்பியிருக்க மாட்டார். இதை நம்பினார். நம்பியதால் அன்று பெஞ்சில் கண் மூடவே இல்லை.

அடுத்த விடியலில் கேபினில் இமை ஒட்டியது. பெட்டி ஓரடி ஆடியது. கீழே கொக்கி மாட்ட நின்ற பையன் துள்ளி விலகினான். யாருக்கும் ஒன்றும் இல்லை. கிரேன்காரர் பெட்டியை மெதுவாகத் தரையில் உட்கார வைத்தார். இயந்திரத்தை அணைத்தார். நாற்பத்திரண்டு படியும் இறங்கி வந்து சாவியைச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார்.

“என்னய்யா இது?”

“இனிமே ஏற மாட்டேன் சார். பகல் வேலை ஏதாவது குடுங்க.”

“பகல்ல கிரேனுக்கு ஆள் இருக்கு. கீழ கொக்கி மாட்டற வேலைதான் இருக்கு. உங்க சர்வீஸுக்கு அது…”

“அதைக் குடுங்க.”

பதினேழு வருடம் மேலே இருந்து தலைகளை மட்டும் பார்த்தவர், அன்று முதல் அண்ணாந்து பார்த்தார். கேட்டில் கொக்கிக்காரர் அவரைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “என் வேலைக்கே வந்துட்டியா? விரலை எண்ணி வச்சுக்கடா” என்றார்.

இப்போது சாயங்காலம் நாலரைக்கு வீடு, தூக்கம் இரவில். முதல் ஒரு வாரம் அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார். எப்படி விளையாடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு காட்சியைப் பார்த்தார். மகள் துணிப் பொம்மையைத் தரையில் படுக்க வைத்தாள். துண்டால் போர்த்தினாள். அம்மாவைப் பார்த்து முஷ்டியை மூடிக் காட்டினாள். பொம்மையைச் சுற்றி நுனிக்காலில் நடந்தாள். ஒரு முறை அல்ல, ஒன்பது முறை.

டீச்சரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “விளையாட்டுலயும் அதேதான் டீச்சர். தூங்கறது, அடங்கறது.”

டீச்சர் முட்டிபோட்டு எழுந்துவிட்டார். “யோவ் அப்பா! பொம்மையை நீங்கன்னு வச்சுக்கிட்டா! இல்லாத ஒண்ணை இருக்கறதா நினைச்சுட்டா! எத்தனை நாளா?” மூச்சு வாங்கினார். “போங்க. அந்தப் பொம்மை இடத்துல நீங்க படுங்க. அவ சொல்றதைச் செய்யுங்க. நீங்களா ஒண்ணும் திருத்தாதீங்க.”

படுத்தார். தினமும் சாயங்காலம் தரையில் படுத்தார். மகள் துண்டு போர்த்தினாள். அவர் கண்ணைத் திறந்தால் உள்ளங்கையால் மூடினாள். சுற்றிச் சுற்றி நடந்தாள். பத்தொன்பது நாள், இதே ஆட்டம், ஒரு மாற்றமும் இல்லை. போர்வைக்குள் அவருக்கு அது புரிந்தது. தான் பிணம் போலக் கிடப்பதைத்தான் இந்தக் குழந்தை அப்பா என்று தெரிந்து வைத்திருக்கிறது.

இருபதாம் நாள் ஒரு விடுமுறை. காலை பதினொரு மணி. அவர் வழக்கம் போலத் துண்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மகள் துண்டை அவர் கையிலிருந்து உருவினாள். தானே படுத்தாள். தானே போர்த்திக்கொண்டாள். உள்ளிருந்து ஒரு கையை நீட்டி அவரைக் காட்டினாள். பிறகு இரண்டு விரலைத் தரையில் நடக்க வைத்துக் காட்டினாள்.

“என்னங்க சொல்றா?” மனைவி பட்டனும் ஊசியுமாகக் கேட்டாள்.

“அவதான் அப்பாவாம். நான் நடக்கணுமாம்.”

எழுந்தார். எழுபத்தெட்டு கிலோ உடம்பை நுனிக்காலில் தூக்கி நிறுத்தி நடந்தார். மூன்றாவது அடியிலேயே கெண்டைக்கால் பிடித்தது. மூச்சை அடக்கி, கையை விரித்து, எதன் மீதும் படாமல், போர்வையையே பார்த்துக்கொண்டு நடந்தார். இதையா இவள் மூன்று வருடமாக நடந்தாள்? கண்ணில் நீர் கட்டியது. எதிரே அலமாரி ஓரம் தெரியவில்லை. முழங்கை பட்டு, மேலே இருந்த எவர்சில்வர் தட்டு சிமென்ட் தரையில் விழுந்து சுழன்று சுழன்று அடங்கியது.

போர்வை விலகியது. மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் இறுகியிருந்தது, புருவம் நெரிந்திருந்தது.

“சத்தம்!”

கிசுகிசுப்பு இல்லை. முழுத் தொண்டையில் வந்தது. சின்னத் தொண்டைக்குள் ஒரு ஆண்பிள்ளையின் உறுமல். கீழ்வீட்டு அக்கா பேச்சை நிறுத்தியது இங்கே கேட்டது.

மனைவியின் மடியிலிருந்த பட்டன்கள் சிதறின. கிரேன்காரர் அவள் பக்கம் திரும்பினார். “இது எங்க… யார் இப்படி…”

“நீங்கதான்” என்றாள் அவள். “தூக்கத்துல கத்துவீங்க. ஏதாவது விழுந்தா எழுந்து உக்காந்து இப்படித்தான் கத்துவீங்க. உடனே படுத்துடுவீங்க. எழுந்தப்புறம் உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நானும் சொல்லல.”

“எத்தனை தடவை?”

“எண்ணலைங்க.”

நாலு மாதம் தவம் கிடந்து கேட்ட முதல் உரத்த சொல், அவர் வாயிலிருந்து போனது. அந்தக் குரலுக்கு முன்னால் எவ்வளவு சின்னதாக இவள் நின்றிருப்பாள் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மகளைப் போய் அணைத்துக்கொள்ளக் காலை எடுத்து வைத்தார்.

அதற்குள் மகள் மறுபடி படுத்துவிட்டாள். துண்டை இழுத்து மூக்கு வரை போர்த்திக்கொண்டாள். ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த தட்டைப் பார்த்தது.

திருத்தாதீங்க என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

குனிந்து தட்டை எடுத்தார். நுனிக்காலில் எழும்பினார். போர்வையைச் சுற்றி மூன்று அடி நடந்தார். அந்த ஒற்றைக் கண் அவர் கையோடு கூடவே வந்தது. மனைவி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் தட்டைத் தரையில் போட்டார்.